கிளாஸ் நிக்காது

ஹெச்.எம்.: இறங்குங்க. முதல்ல அந்த லாரிப் படியிலேருந்து இறங்குங்க, அப்புறம் பேசலாம்.

டிரைவர்: என் லாரி, என் படி. நிக்கிறதுக்கு உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?

ஹெச்.எம்.: லாரி உங்களுதுதான். சுவத்துக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கற தலையும் உங்களுதுதான். ஆனா அது எட்டிப் பாக்கற ஜன்னல் எங்களுது. உள்ள அத்தனை பிள்ளைங்களும் போர்டை விட்டுட்டு உங்க மீசையைப் பாத்துக்கிட்டு இருக்குதுங்க.

வாட்ச்மேன்: நான் எவ்வளவோ சொன்னேம்மா. கேக்கவே மாட்டேங்கிறாரு. "நீ யாருடா கேக்கறதுக்கு"ன்னாரு.

டிரைவர்: டா போடலை நான். பொய் சொல்லாத.

வாட்ச்மேன்: பார்வையில போட்டீங்க.

ஹெச்.எம்.: சரி சரி. நீங்க கேட்டுக்கிட்டயே நில்லுங்க, நான் பேசிக்கறேன். சார்... இறங்கிட்டீங்களா? நல்லது. அங்கேயே நில்லுங்க. நான் கம்பிக்கு இந்தப் பக்கம், நீங்க அந்தப் பக்கம். அந்த மாஸ்க் தாடைக்கா, மூக்குக்கா?

டிரைவர்: வண்டியில தனியா வந்தேன். அதான் இறக்கி விட்டிருந்தேன்.

ஹெச்.எம்.: இப்ப தனியா இல்லையே.

டிரைவர்: ...போட்டாச்சு. போதுமா?

ஹெச்.எம்.: போதும். சொல்லுங்க, என்ன விஷயம்?

டிரைவர்: விஷயமா? ஊரே பேசுது, உங்களுக்கு விஷயம் என்னன்னு தெரியலையா? பத்தாங்கிளாஸ்ல ஒரு பிள்ளைக்குக் கொரோனா. அந்தக் கிளாஸை மூடாம, இன்னும் ஜாம் ஜாம்னு நடத்திக்கிட்டு இருக்கீங்க. அந்தக் கிளாஸ்ல என் பிள்ளையும் படிக்குது. நான் கேக்கக் கூடாதா?

ஹெச்.எம்.: தாராளமா கேக்கலாம்.

டிரைவர்: ...எந்தப் பிள்ளைன்னு கேக்கலையே நீங்க?

ஹெச்.எம்.: கேட்டா சொல்லுவீங்களா?

டிரைவர்: மாட்டேன். எல்லாப் பெத்தவங்க சார்பாவும் வந்திருக்கேன்னு வச்சுக்குங்க.

ஹெச்.எம்.: அப்ப நான் எதுக்குக் கேட்டு மூச்சை வீணாக்கணும்? மேல சொல்லுங்க.

டிரைவர்: யாரு அது? யாருக்கு வந்திருக்கு? அதைச் சொல்லுங்க முதல்ல.

ஹெச்.எம்.: அதைச் சொல்ல மாட்டேன்.

டிரைவர்: ஏன்?

ஹெச்.எம்.: நாளைக்கு உங்க பிள்ளைக்கு வந்தா, இதே கேட்டுல வந்து நிக்கற இன்னொருத்தர்கிட்ட உங்க பிள்ளை பேரைச் சொல்லட்டுமா?

டிரைவர்: அது... வேண்டாம்.

ஹெச்.எம்.: அதான்.

டிரைவர்: நீங்க சொல்லலேன்னா என்ன? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? வர்ற வழியில டீக்கடையில, பெட்ரோல் பங்குல, எல்லா இடத்துலயும் இதே பேச்சுதான். யாரோ லாரிக்காரன் மகளாமே?

ஹெச்.எம்.: யாரு சொன்னாங்க?

டிரைவர்: யாரோ சொன்னாங்க. அப்பன் ஊர் ஊரா சுத்தறவன், எங்கெங்கேயோ தூங்கறவன். அவன் அள்ளிக்கிட்டு வந்து வீட்டுல கொட்டினான், மக அதைத் தூக்கிக்கிட்டு வந்து கிளாஸ்ல கொட்டிட்டா... இப்படித்தான் பேசிக்கறாங்க.

ஹெச்.எம்.: நீங்களும் லாரிதானே ஓட்டறீங்க? உங்க வாயால இதைச் சொல்ல எப்படி வருது?

டிரைவர்: நான் சொல்லல. ஊரு சொல்றதைச் சொல்றேன்.

ஹெச்.எம்.: ஊரு சொல்றதை ஊரோட விட்டுட்டு வாங்க. நோய் என்ன மூட்டையா, ஒருத்தர் ஏத்தி இன்னொருத்தர் இறக்கறதுக்கு? யாருக்கு யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு டாக்டருக்கே தெரியல. இந்த டீக்கடைக்குத் தெரிஞ்சுடுச்சாக்கும்.

டிரைவர்: ஆனா அந்தப் பொண்ணாலதானே இத்தனையும்? இந்தப் பரபரப்பு, மூக்குல குச்சி விடறது, எல்லாம்? அவளை நிறுத்தி வச்சிருக்கணும். திமிரு பிடிச்ச பொண்ணா இருக்கும். காய்ச்சலோட வந்து உக்காந்திருக்கா, பாருங்க...

ஹெச்.எம்.: வாயை மூடுங்க.

டிரைவர்: என்னது?

ஹெச்.எம்.: மன்னிச்சுக்குங்க. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனா என் ஸ்கூல் வாசல்ல நின்னு அந்தப் பிள்ளையைப் பத்தி அப்படி ஒரு வார்த்தை... நீங்கன்னு இல்லை, யாரு பேசினாலும் நான் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன். அவ காய்ச்சலோட வந்து உக்காரல.

டிரைவர்: உக்காரலையா?

ஹெச்.எம்.: கேட்டுக்குள்ளயே காலை வைக்கல.

டிரைவர்: ...அப்படியா?

வாட்ச்மேன்: ஆமாங்க, நானே பாத்தேன். காலையில நான் கேட்டைத் திறக்கறேன், அதோ, அந்த லைட்டுக் கம்பத்துக்கிட்டயே நின்னுட்டா. "அண்ணே, கிட்ட வராதீங்க, எனக்குத் தொண்டை சரியில்லை, ஹெச்.எம்.மைக் கூப்பிடுங்க"ன்னு அங்கேருந்தே கத்தினா. தொண்டை சரியில்லாதப்பவே அந்தக் கத்து கத்தறா! அந்தப் பொண்ணு பேரு கூட...

ஹெச்.எம்.: உஷ்!

வாட்ச்மேன்: ஐயோ.

டிரைவர்: சொல்லட்டுமே, விடுங்க.

ஹெச்.எம்.: நீங்க போய் அந்தக் குழாயை மூடுங்க, வழிஞ்சுக்கிட்டு இருக்கு. போங்க.

டிரைவர்: குழாய் எதுவும் வழியலையே.

ஹெச்.எம்.: அவரு வாய் வழியுது. அதுக்கு வேற பேரு வச்சிருக்கோம்.

டிரைவர்: ஹ... சரி. அந்தப் பொண்ணு கம்பத்துக்கிட்ட நின்னா. அப்புறம்?

ஹெச்.எம்.: அப்புறம் என்ன? அன்னைக்குக் கணக்குப் பரீட்சை. மாதிரிப் பரீட்சைதான், ஆனா அதுக்காக ராப்பகலா படிச்சிருந்தா. ஒரு மாத்திரையை முழுங்கிட்டு உள்ள வந்திருந்தா யாருக்குத் தெரியப் போகுது? லேசான கரகரப்பு, அவ்வளவுதான். உள்ள வந்து பரீட்சை எழுதி முதல் மார்க் வாங்கிட்டுப் போயிருக்கலாம். அங்கேயே நின்னுட்டா.

டிரைவர்: ஏன் அப்படி?

ஹெச்.எம்.: ஏன்னா நான் ஒரு வாக்குக் குடுத்திருந்தேன். பிள்ளைங்களுக்கு.

டிரைவர்: என்ன வாக்கு?

ஹெச்.எம்.: போன தடவை என்ன நடந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? இதே மாதிரி ஒரு பிள்ளைக்கு வந்துச்சு. மேலிடத்து உத்தரவு, கிளாஸ் மொத்தமும் வீட்டுக்கு. திரும்பி வந்தா இன்னொரு பிள்ளைக்கு. மறுபடியும் மொத்தமும் வீட்டுக்கு. பாடம் போன்லன்னாங்க. ஒரே போனு, வீட்டுல நாலு பிள்ளைங்க. போன் எங்கே இருக்குன்னு பாத்தா, அது அப்பாவோட வேலைக்குப் போயிருக்கும்.

டிரைவர்: என் போனும் அப்படித்தான்... அதாவது, எல்லார் போனும்.

ஹெச்.எம்.: சில பிள்ளைங்க திரும்பி வரவே இல்ல.

டிரைவர்: தெரியும். ஒண்ணைப் பாத்தேன் நான்.

ஹெச்.எம்.: எங்கே?

டிரைவர்: பைபாஸ்ல, நான் சரக்கு இறக்கற கோடவுன்ல. அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு ஒரு பொண்ணு. உங்க ஸ்கூல் பாவாடை, மேல வேற சட்டை. என்னைப் பாத்ததும் திரும்பிக்கிச்சு.

ஹெச்.எம்.: ஒல்லியா? நெத்தியில தழும்பு இருக்கா?

டிரைவர்: ஆமா, புருவத்துக்கு மேல...

ஹெச்.எம்.: எந்தக் கோடவுன்? பேரு என்ன? எந்தப் பக்கம்? சொல்லுங்க!

டிரைவர்: அடேயப்பா, கேட்டையே பிச்சுடுவீங்க போலிருக்கே.

ஹெச்.எம்.: அவங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. நானும் தேடாத இடம் இல்ல. யாரைக் கேட்டாலும் தெரியாதுங்கிறாங்க.

டிரைவர்: பாலம் தாண்டினதும் நீலக் கேட்டு போட்டது. அடுத்த லோடு அங்கதான் எனக்கு. நான் பேசிப் பாக்கறேன்.

ஹெச்.எம்.: பேசிப் பாக்க வேண்டாம். இடத்தை மட்டும் காட்டுங்க, நானே வரேன். லாரியில ஏத்திக்குவீங்க இல்ல?

டிரைவர்: ஹெச்.எம். லாரியிலயா?

ஹெச்.எம்.: ஏன், சீட்டு கடிக்குமா?

டிரைவர்: கடிக்காது. கொஞ்சம் குலுக்கும்.

ஹெச்.எம்.: இந்த வருஷம் பூரா குலுங்கிட்டுத்தான் இருக்கேன். பரவாயில்ல.

டிரைவர்: சரி, அந்த வாக்கு என்னன்னு சொல்ல வந்தீங்களே.

ஹெச்.எம்.: ஆங். கிளாஸை மூடினது ஒரு கஷ்டம்னா, அதைவிடப் பெரிய கஷ்டம் ஒண்ணு வந்துச்சு. பிள்ளைங்க பொய் சொல்ல ஆரம்பிச்சுதுங்க. காய்ச்சல்னு சொன்னா மொத்தக் கிளாஸும் வீட்டுக்குப் போகும், எல்லாரும் நம்மளைத் திட்டுவாங்கன்னு மாத்திரையை முழுங்கிட்டு வந்து உக்காந்துச்சுங்க. யார் பக்கத்துல இருந்தேன்னு கேட்டா, "யார் பக்கத்துலயும் இல்ல டீச்சர், தனியா இருந்தேன்." நாள் பூரா ஒட்டிக்கிட்டுத் திரிஞ்ச ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தெரியாதுங்குது! கூட்டாளியைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு.

டிரைவர்: அது நியாயம்தானே.

ஹெச்.எம்.: பிள்ளைங்க மேல தப்பே இல்ல. உண்மைக்கு நாங்க தண்டனை குடுத்தோம், அதுங்க பொய்க்குப் போயிடுச்சு. அதனால ஸ்கூல் திறந்த அன்னைக்கு மைதானத்துல எல்லாரையும் தள்ளித் தள்ளி நிக்க வச்சுச் சொன்னேன். "இனிமே நீங்க உண்மையைச் சொன்னா கிளாஸ் நிக்காது. யாரு பக்கத்துல இருந்தாங்களோ அவங்களை மட்டும் பாத்துக்குவோம். மத்தவங்களுக்குப் பாடம் நடக்கும். இது என் வாக்கு"ன்னு.

டிரைவர்: சொல்லிட்டீங்க. மேலிடம் ஒத்துக்கிச்சா?

ஹெச்.எம்.: எங்கே ஒத்துக்கிச்சு! சுகாதார ஆபீஸுக்கு நடந்த நடையில ரெண்டு செருப்பு போச்சு. "ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு"ன்னாங்க. "ஆமா, நான்தான் பொறுப்பு. அதுக்குத்தானே ஹெச்.எம்.முன்னு பேரு"ன்னேன். கடைசியில, சரி, ஒரு தடவை பாக்கலாம், பரவுச்சுன்னா ஸ்கூலையே மூடிடுவோம்னாங்க. அந்த ஒரு தடவை இதுதான்.

டிரைவர்: அதாவது, அந்தப் பொண்ணு உண்மையைச் சொல்லலேன்னா...

ஹெச்.எம்.: எல்லாம் போயிருக்கும். என் வாக்கு, இந்தப் பிள்ளைங்க பரீட்சை, எல்லாமே.

டிரைவர்: என்ன சொன்னா அவ?

ஹெச்.எம்.: அந்தக் கம்பத்துக்கிட்ட நின்னுக்கிட்டே சொன்னா. நான் இங்க நின்னுக்கிட்டுக் கேட்டேன். முதல் நாள் மழையில ஒரே குடையில யாரோட வந்தா. சயின்ஸ் படம் முடிக்கறதுக்காக யார் யார் ஒரே பெஞ்சுல தலையை முட்டிக்கிட்டு உக்காந்தாங்க. சாரல் அடிக்குதுன்னு எந்த ஜன்னலை மூடினாங்க. காத்தோட்டம் வேணும், எந்த ஜன்னலையும் மூடக் கூடாதுன்னு நான் போட்ட சட்டம். என்னைப் பிள்ளைங்க கூப்பிடற பேரே "ஜன்னல்"தான்.

டிரைவர்: தெரியும்... கேள்விப்பட்டிருக்கேன்.

ஹெச்.எம்.: அதையும் சேத்துச் சொன்னா. "திட்டிக்கோங்க டீச்சர், ஆனா ஒண்ணையும் விடலை, எல்லாத்தையும் சொல்லிட்டேன்"ன்னா. குடையில கூட வந்தது யாருன்னு நினைக்கறீங்க? அவளோட உசிருக்கு உசிரான கூட்டாளி. அவளுக்கு அடுத்த நாள் ஓட்டப்பந்தயம், வேற ஸ்கூல்ல. அதுக்குப் போக முடியாமப் போகும்னு இவளுக்குத் தெரியும். தெரிஞ்சே சொன்னா.

டிரைவர்: அந்தப் பொண்ணு கோவிச்சிருக்குமே.

ஹெச்.எம்.: கோவமா? "அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்"னு ஒரு நாள் பூரா அழுகை. இப்பக் கொஞ்சம் தெளிஞ்சிருக்கா.

டிரைவர்: சரி, அவ சொன்னா. அப்புறம் நீங்க என்ன பண்ணினீங்க? பக்கத்துல உக்காந்த பிள்ளைங்களை வீட்டுக்கு அனுப்பிட்டீங்களா?

ஹெச்.எம்.: எதுக்கு அனுப்பணும்? தினம் காலையில சைக்கிள் ஸ்டாண்டுக்கு வருதுங்க. சுகாதார ஆபீஸ் நர்ஸம்மா வந்து மூக்குல குச்சி விட்டுப் பாக்கறாங்க. முடிவு வர்ற வரைக்கும் அங்கேயே தள்ளித் தள்ளி நின்னு ஆங்கிலச் செய்யுளை ஒப்பிக்கணும். ஸ்கூலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கேக்கறாரு, "டீச்சர், இது டெஸ்ட்டுக்குத் தண்டனையா, செய்யுளுக்குத் தண்டனையா"ன்னு. ஒண்ணும் இல்லைன்னு வந்தா நேரா லைப்ரரி ரூமுக்கு. ஏதாவது தெரிஞ்சா அந்தப் பிள்ளை மட்டும் வீட்டுக்கு.

டிரைவர்: யாருக்காவது தெரிஞ்சுதா?

ஹெச்.எம்.: இதுவரைக்கும் ஒருத்தருக்கும் இல்ல.

டிரைவர்: ஒருத்தருக்கும்... நிஜமாவா? அவளால யாருக்கும் வரலையா?

ஹெச்.எம்.: யாருக்கும் வரல.

டிரைவர்: அப்பாடா.

ஹெச்.எம்.: உங்க பிள்ளை உள்ள இருக்கு இல்ல, அதான் நிம்மதி.

டிரைவர்: ஆங்... ஆமா. அதான். ஆனா லைப்ரரியில உக்காந்து என்ன பண்ணும் அதுங்க? ஈ ஓட்டுமா?

ஹெச்.எம்.: ஏறுங்க.

டிரைவர்: எங்க?

ஹெச்.எம்.: உங்க லாரிப் படியிலதான்.

டிரைவர்: இப்பத்தானே இறங்கச் சொன்னீங்க!

ஹெச்.எம்.: அப்ப வேடிக்கை பாக்க ஏறினீங்க. இப்ப நானே காட்டறேன், ஏறுங்க. மெதுவா. தலையை மட்டும் நீட்டுங்க, மீசையை நீட்டாதீங்க.

டிரைவர்: ஏறிட்டேன்.

ஹெச்.எம்.: என்ன தெரியுது?

டிரைவர்: ரெண்டு ரூம். நடுவுல ஒரு கதவு, திறந்திருக்கு. வாத்தியார் ஒருத்தரு அந்தக் கதவு நிலையில நிக்கறாரு. உள்ளயும் இல்லாம வெளியிலயும் இல்லாம... ஏன் இப்படி அந்தரத்துல நிக்க வச்சிருக்கீங்க அவரை?

ஹெச்.எம்.: வலது பக்கம் கிளாஸ் ரூம். இடது பக்கம் லைப்ரரி. ரெண்டு பக்கமும் ஒரு போர்டு. ஒரு வரி இந்தப் பக்கம், ஒரு வரி அந்தப் பக்கம். நாள் பூரா நிலைப்படியில நின்னே பாடம் எடுக்கறாரு. பிள்ளைங்க அவரு பேரையே மாத்திட்டாங்க, "நிலைப்படி சார்."

டிரைவர்: கழுத்து வலிக்காதா, இப்படியும் அப்படியும் திரும்பி?

ஹெச்.எம்.: வலிக்குது. சாயங்காலம் ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டே வீட்டுக்குப் போறாரு. வேற ஆளை மாத்தட்டுமான்னு கேட்டேன். "இது என் கிளாஸ்"ன்னாரு. அதுக்கு மேல நான் கேக்கல.

டிரைவர்: அவரு கழுத்துல என்னமோ தொங்குது. மணி மாதிரி... போனா அது?

ஹெச்.எம்.: போன்தான். கயிறு கட்டி மாட்டியிருக்காரு.

டிரைவர்: எதுக்கு?

ஹெச்.எம்.: ரெண்டு ரூம்னு சொன்னேன் இல்ல? மொத்தம் மூணு. வீட்டுல இருக்கற அந்தப் பிள்ளைக்கு ஸ்கூல் போன் ஒண்ணைக் குடுத்திருக்கோம். மூணாவது ரூம் அந்தப் போனுக்குள்ள இருக்கு.

டிரைவர்: போனுக்குள்ளயா? அப்ப அவ...

ஹெச்.எம்.: பேசாம கேளுங்க. கணக்கு நடக்குது.

வாத்தியார்: ...செங்கோண முக்கோணம். லைப்ரரி, தெரியுதா? இந்தப் பக்கம், தெரியுதா? சரி. இதை நான் போட்ட மாதிரி போட்டா ஒரு பக்கம் வரும். சுருக்கமா வேற வழியில யாராவது?

போன் குரல்: சார்...

வாத்தியார்: யாரு? லைப்ரரியா?

போன் குரல்: இல்ல சார். கழுத்து.

வாத்தியார்: சிரிக்காதீங்க! கழுத்து, சொல்லும்மா.

போன் குரல்: செங்கோணத்துலேருந்து கர்ணத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு போட்டா போதும் சார். அப்ப... ஒரு நிமிஷம் சார்... இருமல்... அப்ப ரெண்டு சின்ன முக்கோணம் வரும். ரெண்டும் அந்தப் பெரிய முக்கோணம் மாதிரியே இருக்கும். அளவுதான் சின்னது. அதை வச்சுப் போட்டா மூணு வரியில முடிஞ்சுடும்.

வாத்தியார்: மூணு வரியா... இரு, போட்டுப் பாக்கறேன். ஒண்ணு... ரெண்டு... அட! முடிஞ்சுடுச்சே! டேய், டெஸ்க்கைத் தட்டாதீங்க! லைப்ரரி, நீங்களும்தான்! யாரு அது விசில்? ஓட்டப்பந்தயமா? ஏம்மா, நீதானே அவகூடப் பேச மாட்டேன்னு இருந்தே?

ஹெச்.எம்.: பாத்தீங்களா? விசிலடிச்சது யாருன்னு தெரியுதா? குடை.

டிரைவர்: கண்ணு மறைக்குது டீச்சர், ஒண்ணும் தெரியல.

ஹெச்.எம்.: இறங்கி வாங்க. பாத்து, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க. மாஸ்க் நனைஞ்சுடுச்சு பாருங்க, நனைஞ்சதைப் போட்டுக்கிட்டு இருக்கக் கூடாது. இந்தாங்க, கம்பி மேல வைக்கறேன், புதுசு. எடுத்துக்குங்க.

டிரைவர்: இருமறாளே... மூச்சு வாங்குதா அந்தப் பொண்ணுக்கு?

ஹெச்.எம்.: இல்ல. காய்ச்சல் விட்டாச்சு. நர்ஸம்மா காலையில வாசல்ல நின்னு பாத்துட்டு வந்தாங்க. நல்லாச் சாப்பிடறாளாம். அவங்கம்மாவுக்கும் ஒண்ணும் இல்ல.

டிரைவர்: ஒண்ணும் இல்லையா?

ஹெச்.எம்.: ஒண்ணும் இல்ல.

டிரைவர்: அந்தப் பரீட்சை போச்சே அவளுக்கு. அதுக்குத்தானே அவ்வளவு படிச்சா... படிச்சான்னீங்களே.

ஹெச்.எம்.: ஏன் போகுது? நிலைப்படி சார் அவ வீட்டுத் தெருவுல நாற்காலி போட்டு உக்காந்தாரு. அவ ஜன்னலுக்கு உள்ள. கேள்வித்தாளை ஜன்னல் வழியா குடுத்து, நேரம் வச்சு எழுத வச்சுட்டாரு. தெருவுல போறவங்க எல்லாம், "என்ன சார், வசூலுக்கு வந்திருக்கீங்களா"ன்னு கேட்டாங்களாம்.

டிரைவர்: எப்படி எழுதினாளாம்?

ஹெச்.எம்.: ஒரு கணக்குல கூட்டினது தப்பு. மத்தது எல்லாம் சரி.

டிரைவர்: கூட்டல்ல கோட்டை விட்டாளா! கழுதை.

ஹெச்.எம்.: காய்ச்சலோட எழுதினவளைத் திட்டாதீங்க.

டிரைவர்: திட்டல... திட்டல டீச்சர்.

ஹெச்.எம்.: கிளாஸை மூடணும்னு வந்தீங்களே, என்ன சொல்றீங்க இப்ப?

டிரைவர்: சாயங்காலம் இந்தக் கேட்டுக்குக் கூட்டம் வருது, தெரியுமா உங்களுக்கு?

ஹெச்.எம்.: தெரியும். பயப்படறாங்க. பெத்தவங்க பயப்படறதுல என்ன தப்பு? வரட்டும், உங்ககிட்டச் சொன்ன மாதிரியே பொறுமையாச் சொல்றேன். பேரையும் ஊரையும் விட்டுட்டு.

டிரைவர்: நீங்க தனியா நிக்க வேண்டாம். நானும் வரேன். லாரியைக் கொண்டாந்து கேட்டுக்கு முன்னால போடறேன். முதல்ல என்கிட்டப் பேசுங்க, அப்புறம் டீச்சர்கிட்டப் பேசுங்கன்னு சொல்றேன்.

ஹெச்.எம்.: வழியை அடைக்காதீங்க, ஓரமாப் போடுங்க. சரி, உங்ககிட்ட எதுக்குப் பேசணும்னு கேப்பாங்களே? நீ யாரு, எந்தப் பிள்ளையோட அப்பன்னு கேப்பாங்களே?

டிரைவர்: கேக்கட்டும்.

ஹெச்.எம்.: கேட்டா?

டிரைவர்: சொல்லுவேன். நீங்க பேசறீங்களே லாரிக்காரன் லாரிக்காரன்னு, அந்த லாரிக்காரன் நான்தான்யா. அந்தக் கம்பத்துக்கிட்ட நின்னு உண்மையைச் சொன்னாளே, அவ என் பொண்ணு. உங்க பிள்ளைங்களுக்குக் கிளாஸ் நிக்காம நடக்குதுன்னா அது அவளாலதான். என் பொண்ணு! அப்படின்னு சொல்லுவேன்.

ஹெச்.எம்.: சொல்லுங்க. ஆனா அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுச் சொல்லுங்க. பேரு அவளுது.

டிரைவர்: கேக்கறேன். கட்டாயம் கேக்கறேன். வீட்டுக்குப் போக முடியாது, வண்டியிலதான் படுக்கை. ஜன்னலுக்கு வெளியில நின்னு கேட்டுக்கறேன்... என்ன டீச்சர், நான் இவ்வளவு பெரிய விஷயத்தைப் போட்டு உடைச்சிருக்கேன், நீங்க ஆச்சரியமே படலையே?

ஹெச்.எம்.: நேத்தே போன்ல சொல்லிட்டா உங்க பொண்ணு. "எங்கப்பா லோடு இறக்கினதும் நேரா அங்கதான் டீச்சர் வருவாரு. யாரோ மாதிரி நின்னு சண்டை போடுவாரு. நீங்களும் தெரியாத மாதிரியே இருந்து, அவருக்கு எல்லாத்தையும் சொல்லி அனுப்பிடுங்க. பாவம், பயந்து போயிருக்காரு"ன்னு. இல்லேன்னா, ஒரு பிள்ளையைப் பத்தி இவ்வளவு பேசியிருப்பேனா நான்? வேற எந்த அப்பன் வந்து கேட்டிருந்தாலும், இதுல ஒரு வார்த்தை என் வாயிலேருந்து வந்திருக்காது.